பழமையைக் காக்கும் மான்யம்: சேந்தமங்கலத்தார் செய்யக் கூடியது என்ன?

கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பழங்கட்டடங்களுக்கும் ஓர் உறவு உண்டு என்றால் அங்கத்தினர்களில் பலர் வியப்படையக் கூடும். 1904-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கர்ஸன் பிரபு இராஜப்பிரதிநிதியாக இருந்த காலத்தில், இந்திய சர்க்கார் இரண்டு சட்டங்களைப் பிறப்பித்தது. ஒன்று அவ்வாண்டின் பத்தாம் சட்டமாகிய கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம். நமது சங்கங்கள் யாவும் அதன் வழித்தோன்றல்களே. மற்றொன்று ஏழாம் சட்டமாகிய புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம். முன்னதை நாம் நன்கறிவோம். பின்னதைப் பற்றி நம் கூட்டங்களில் எவரும் பேசிக் கேட்டதில்லை.

இரண்டுக்கும் அடிப்படையான எண்ணம் ஏறக்குறைய ஒன்றே. சர்க்கார் தானே எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. உடையவன் முன்வந்தால் சர்க்கார் கை கொடுக்கும் என்பதே அது. பழைய கட்டடத்தை உடையவரோடு கலெக்டர் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு அதைப் பராமரிக்கலாம் என்றும், பராமரிப்புச் செலவுக்குப் பொதுமக்கள் மனமுவந்து தரும் தொகையைப் பெற்றுக்கொள்ளலாம் என்றும் 1904-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் இவ்வேற்பாடுகளைத் தொடர்ந்தது. நமது மாநிலம் 1961-இல் தொல்லியலுக்கெனத் தனித் துறை கண்டு, 1966-இல் தனிச் சட்டமும் இயற்றியது. ஆகவே வழி திறந்துதான் இருக்கிறது. அவ்வழியில் நம்மவர் எத்தனை பேர் நடந்தார்கள் என்பதே கேள்வி.

நமது சேந்தமங்கலத்தையே எடுத்துக்கொள்வோம். கொல்லிமலையின் அடிவாரத்தில், நாமக்கல்லிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள இவ்வூர் ஒரு காலத்தில் பாளையக்காரரின் தலைமையிடமாக விளங்கியது. நாமக்கல் பாறையின் உச்சியில் நிற்கும் கோட்டையைக் கட்டியவர் சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் இராமச்சந்திர நாயக்கர் என்பது ஒரு வழக்கு. மைசூர் மன்னரின் அதிகாரியான லட்சுமி நரசய்யா என்பது மற்றொரு வழக்கு. எவர் கட்டியதாயினும், 1768-இல் ஆங்கிலேயர் பிடித்துச் சில மாதங்களிலேயே ஹைதர் அலியிடம் இழந்த அக்கோட்டையும், அதே பாறையின் அடியில் அதியர் குலத்து மன்னர் குடைவித்த நரசிம்மர், அரங்கநாதர் குடைவரைகளும் இன்று மத்திய தொல்லியல் துறையின் காவலில் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய செலவை அத்துறையே செய்கிறது. 2010-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி இத்தகைய சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக்கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே எழுப்ப வேண்டும். நாமக்கல்லில் மனை வாங்க எண்ணும் அங்கத்தினர்கள் இதை நினைவிற் கொள்வது நலம்.

சேந்தமங்கலத்துப் பாளையக்காரர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோட்டை அயலூரில் காவலோடு நிற்க, சேந்தமங்கலத்திற்குள்ளேயே இருப்பவற்றின் நிலை என்ன? சோமேசுவரர் கோயிலும் பெருமாள் கோயிலும் இருக்கின்றன. கோயிலுக்குக் கேட்க ஆளுண்டு. ஆனால் திண்ணையும் தொட்டிக்கட்டுமாக நிற்கும் ஓட்டு வீடுகள், வழிப்போக்கர் தங்கிய மண்டபங்கள், பாவு நீட்டிய சாலைகள், பழங்கிணறுகள், ஏட்டுச் சுவடிகள், சங்கத்தின் பெட்டியில் உறங்கும் பேரேடுகள் ஆகியவற்றுக்குக் கேட்பார் யார்? இவை மத்திய சர்க்காரின் பட்டியலிலும் இல்லை; மாநிலப் பட்டியலிலும் இல்லை; அறநிலையத் துறையின் சொத்துப் பதிவேட்டிலும் இல்லை. பதிவில் இல்லாத பொருளுக்கு மான்யம் வந்ததாக எந்த நாட்டுச் சரித்திரத்திலும் காண முடியாது.

மான்யம் என்னும் சொல்லைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை. இன்று அது சர்க்கார் தரும் ரொக்கத்தைக் குறிக்கிறது. நம் பாட்டனார் காலத்தில் அது நிலத்தைக் குறித்தது. விளக்கெரிப்பவனுக்கு இத்தனை குழி, மேளம் வாசிப்பவனுக்கு இத்தனை குழி, ஏரி மடை காப்பவனுக்கு இத்தனை குழி என்று வரியில்லாமல் விடப்பட்ட நிலமே மான்யம். அந்நிலத்தை உழுதுண்பவன் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். அதாவது, பராமரிப்புச் செலவு ஊரின் நிலத்திலேயே விளைந்தது. வெளியூருக்கு மனு எழுதிப் பெற வேண்டியதாக இல்லை. 1858-இல் அமைந்த இனாம் கமிஷன் இவற்றையெல்லாம் கணக்கெடுத்தது. 1963-ஆம் ஆண்டுச் சட்டம் சிறு இனாம்களை ஒழித்து அவற்றை ரயத்துவாரி நிலங்களாக்கியது. உழுதவனுக்கு உரிமை கிடைத்தது நியாயமே. அதில் மாறுபாடு இல்லை. ஆயினும் கூரையில் ஓடு மாற்றவும், மதிலில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கவும் இருந்த நிரந்தர ஏற்பாடு அத்தோடு தளர்ந்தது. இன்று அவ்வேலைக்கு மனுவும், மதிப்பீடும், பயன்பாட்டுச் சான்றிதழும் தேவைப்படுகின்றன.

சர்க்கார் பணம் இன்று எந்தெந்த வாய்க்கால்களில் வருகிறது என்று சுருக்கமாகப் பார்ப்போம். 40,000-க்கு மேற்பட்ட கோயில்களும் நிறுவனங்களும் அடங்கிய இந்து சமய அறநிலையத் துறைக்கே பெரும் பங்கு. ஆயிரம் ஆண்டுத் தொன்மையுள்ள கோயில்களைச் சீரமைக்க 2022–23-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 100 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. கிராமப்புறக் கோயில்களுக்கும் ஆதிதிராவிடர் பகுதிக் கோயில்களுக்கும் திருப்பணி உதவியாகக் கோயில் ஒன்றுக்கு 1 லட்சம் ரூபாய் என்றிருந்தது 2 லட்சமாக உயர்த்தப்பட்டது. கிறிஸ்துவத் தேவாலயங்களைப் பழுதுபார்க்க 2016 முதல் மாநில சர்க்காரின் உதவித் திட்டம் ஒன்று உண்டு. தனியார் வீட்டையோ, ஊர்ப் பொது மண்டபத்தையோ நோக்கி வரும் வாய்க்கால் மட்டும் மிக ஒல்லியானது. இங்கிலாந்தில் 1953-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சிறப்புமிக்க பழைய வீடுகளின் சொந்தக்காரர்களுக்கே மான்யம் தர வகை செய்தது. அந்நாட்டார் செல்வந்தர் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். போரில் இடிந்த வீடுகளைக் கட்டிக்கொண்டும், சில உணவுப் பொருள்களைப் பங்கீட்டு அட்டைக்கு விற்றுக்கொண்டும் இருந்த ஆண்டு அது.

பணம் வருவது ஒரு சங்கடம். வந்த பணம் செய்வது அதைவிடப் பெரிய சங்கடம். இதை அடியேன் கண்ணாரக் கண்டிருக்கிறேன். எந்த ஊர், எந்தக் கோயில் என்பது வேண்டாம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறு கோயிலின் திருப்பணிக்குத் தொகை கிடைத்தது. ஊரார் மகிழ்ந்து வேலை தொடங்கினர். கருங்கல் தரையின் மேல் வழவழப்பான ஓடுகள் பதிக்கப்பட்டன. சுவரின் அடிவரிசைக் கற்களில் எழுத்துகள் இருந்தன. தரை உயர்ந்ததும் இரண்டு வரி மறைந்தது. எஞ்சிய வரிகளின் மேல் எனாமல் வண்ணம் ஏறியது. குடமுழுக்கு நாளன்று நானும் கைகூப்பி நின்றவன்தான். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற முதிய நெசவாளர் ஒருவர், "ஏனுங்க தம்பி, அந்த எழுத்துல நம்ம தறிக் கணக்கு இருக்குதுன்னு எங்க அப்பாரு சொல்லுவாருங்க, இனி அதை யாரு படிப்பாங்க?" என்றார். அவர் சொன்னது உண்மையா என்று பார்க்க இனி வழியில்லை.

அது வீண் பேச்சாக இருக்க வேண்டியதில்லை. தறியிறை என்னும் வரி நம் நாட்டுக் கல்வெட்டுகளில் பல இடங்களில் வருகிறது. காஞ்சிபுரத்துக் கைக்கோளருக்கு இருந்தது போலத் தங்களுக்கும் பல்லக்கும் சங்கும் உண்டு என்று மற்ற ஊர்க் கைக்கோளர் உரிமை பெற்ற செய்தி விசயநகர காலத்துக் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. நெசவாளன் தன் முன்னோரைப் பற்றி எழுத்தில் காணக்கூடிய சான்று பெரும்பாலும் கோயிற் சுவரிலேதான் இருக்கிறது. அச்சுவரை மணல் பீய்ச்சித் துலக்குவதும், வண்ணம் பூசி மூடுவதும், நம் பங்குப் பத்திரத்தை நாமே கிழிப்பது போன்றதாகும்.

இவ்வகைக் கேடுகள் மலிந்தே சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்கொன்றை எடுத்துக்கொண்டு, 2021-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் 75 ஆணைகள் அடங்கிய தீர்ப்பை வழங்கியது. தொல்லியல் அறிந்தோர் அடங்கிய வல்லுநர் குழு பார்த்து இசைவு தந்த பின்னரே பழங்கோயில்களில் திருப்பணி தொடங்க வேண்டும் என்பது இவ்வழக்கின் வழியே நிலைபெற்ற முறை. எனவே நம் ஊர்க் கோயிலுக்குத் தொகை அனுமதியானதாகச் செய்தி வந்தால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன், வல்லுநர் குழுவின் கருத்துரை வந்துவிட்டதா, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பதே முறை. கேட்பதற்கு அங்கத்தினர் எவருக்கும் உரிமையுண்டு.

சுண்ணாம்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்; ஏனெனில் மான்யத் தொகையில் பெரும் பகுதி சிமெண்டாகவே மாறுகிறது. பழைய செங்கற்சுவர் மூச்சு விடும் சுவர். அடியிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புச் சாந்தின் வழியே வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூக்கும், செங்கல் மாவாக உதிரும். பூச்சு மட்டும் கெட்டியாக நிற்க, உள்ளே சுவர் பொக்கையாகிவிடும். புதுப்பித்த சுவர் சில மழைக்காலங்களிலேயே உப்பி விழுவதற்குக் காரணம் இதுவே. சுண்ணாம்பை நீற்றி, நாட்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசுவது காலமும் கூலியும் பிடிக்கும் வேலைதான். ஆனால் அது அழிந்துபோன வித்தையன்று. 2012 ஜனவரியில் தீப்பற்றி எரிந்த சேப்பாக்கத்துக் கலச மகாலைப் பொதுப்பணித் துறையார் சுண்ணாம்புச் சாந்து கொண்டே மீண்டும் எழுப்பினார்கள். சர்க்கார் கட்டடத்துக்கு ஆகும் முறை ஊர் மண்டபத்துக்கு ஆகாதா?

இந்தச் "சுரண்டாதே, பூசி மூடாதே" என்னும் கொள்கைக்கு முதன்முதலாகச் சங்கம் கண்டவர் ஒரு நெசவாளர் என்பது நம்மவர்க்கு இனிப்பான செய்தி. இங்கிலாந்தின் வில்லியம் மாரிஸ் தம் படுக்கையறையிலேயே தறி போட்டு நெய்தவர். நீலச்சாயத் தொட்டியில் அளைந்து கை நீலமேறித் திரிந்தவர். அந்நாட்டுத் தேவாலயங்களின் பழஞ்சுவர்களைச் சுரண்டிப் புதியனபோல ஆக்கும் வேலையைக் கண்டு பொறாமல், 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினார். சுரண்டல் எதிர்ப்புச் சங்கம் என்ற பொருள்படும் செல்லப்பெயர் அதற்கு வழங்கிற்று. அவ்வப்போது சிறு பழுதைச் சரிசெய்துகொண்டே வந்தால் பெரும் புதுப்பிப்பே தேவைப்படாது என்பது அச்சங்கத்தின் கட்சி. நெசவாளனுக்கு இது எளிதில் விளங்கும். அறுந்த இழையை அப்போதே பிணைப்பவன் பாவையே அறுத்தெறிய வேண்டியதில்லை.

இனி, கட்டடத்தைவிட விரைவாக அழிந்துவரும் செல்வத்துக்கு வருகிறேன். சங்கம் ஒன்றில் (இதற்கும் பெயர் வேண்டாம்) ஒரு மர அலமாரி நிறைய வரைபடத் தாள்கள் இருந்தன. டாபியிலும் ஜக்கார்டிலும் ஏற்றுவதற்காகக் கட்டம் கட்டமாக வண்ணமிட்டு எழுதிய பூவேலைக் கணக்குகள் அவை. ஒவ்வொன்றின் ஓரத்திலும் பாவில் இத்தனை இழை, அச்சு இத்தனை எண், இன்னாரிடம் நெய்யக் கொடுத்தது, இத்தனை சேலை வந்தது என்று பென்சிலால் குறித்திருந்தார்கள். கட்டடத்துக்கு வெள்ளையடித்தபோது இடம் வேண்டுமென்று அத்தாள்கள் வெளியே வைக்கப்பட்டன. பிறகு எடைக்குப் போடப்பட்டன. எவர் மீதும் பழி சொல்லிப் பயனில்லை. அவை சொத்து என்று எந்தப் பேரேட்டிலும் எழுதப்படவில்லை. நாற்காலிக்கும் மேசைக்கும் எண் எழுதிச் சரிபார்த்த தணிக்கையாளர் அத்தாள்களைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தால் அவை இன்றும் இருக்கும்.

1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைச்செல்வங்கள் சட்டம், பொதுவாகப் பொருள்களுக்கு 100 ஆண்டு வயதும், வரலாற்று மதிப்புடைய கையெழுத்துப் படி, ஆவணம் முதலியவற்றுக்கு 75 ஆண்டு வயதும் கேட்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். சுதந்திரம் வந்த காலத்தில் எழுதிய சங்கப் பேரேடு, அங்கத்தினர் பதிவேடு, நூல் பங்கீட்டுக் கணக்கு ஆகியவை அவ்வயதைக் கடந்துவிட்டன. வயது மட்டும் போதாது, மதிப்பும் வேண்டும் என்பது சட்டம். எந்த வீட்டில் எத்தனை தறி, எந்த ஆண்டு எத்தனை பேர் கடனடைக்க முடியாமல் ஊரைவிட்டுப் போனார்கள் என்று சொல்லும் ஏட்டுக்கு மதிப்பில்லை என்று எந்தச் சரித்திர ஆசிரியரும் சொல்ல மாட்டார்.

இத்தகைய தொகுப்புகளுக்கும் உதவி உண்டு. மத்திய கலாசார அமைச்சகத்தின் அரும்பொருட்கூட மான்யத் திட்டம், பதிவு பெற்ற சங்கங்களுக்கும் அறநிலைகளுக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கும் செலவில் ஒரு பங்கைத் தருகிறது. மற்றதை அமைப்பே திரட்ட வேண்டும். சுவடிகளுக்கென 2003-இல் தேசிய இயக்கம் ஒன்று தொடங்கப்பட்டது. 2025–26-ஆம் ஆண்டு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் அது ஞான பாரதம் என்னும் பெயரில் விரிவாக்கப்பட்டு, 1 கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைக் கணக்கெடுத்துக் காப்பதென அறிவிக்கப்பட்டது. வீட்டுப் பரணில் ஏட்டுக் கட்டு வைத்திருக்கும் குடியானவர்கள் அதை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விடவும் வேண்டாம், மண்ணெண்ணெய் தடவிக் காக்கவும் வேண்டாம். 1869-இல் தோன்றிய சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் இதற்கென்றே இருக்கின்றன. துணி வகைகளுக்கும் பூவேலைத் தாள்களுக்கும் யோசனை கேட்கச் சேலத்தில் 1960 முதல் நடந்துவரும் கைத்தறித் தொழில்நுட்ப நிலையம் பேருந்துப் பயணத் தொலைவில் உள்ளது.

மான்யம் கேட்பவரிடம் இத்திட்டங்கள் கேட்பவை என்ன? பதிவுச் சான்று, தணிக்கை செய்த கணக்கு, இடத்தின் உரிமைப் பத்திரம், பொறியாளர் மதிப்பீடு, பெற்ற தொகைக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ். ஊர்த் திருப்பணிக் குழுக்கள் பலவும் இங்குதான் இடறி விழுகின்றன; அவற்றுக்குப் பதிவும் இல்லை, கணக்கும் இல்லை. கூட்டுறவுச் சங்கமோ பிறக்கும்போதே பதிவோடு பிறக்கிறது. ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்படுகிறது. தணிக்கையாளரைக் கண்டு அஞ்சும் நாம், அவர் கையெழுத்தே நமக்கு மூலதனம் என்பதை உணரவில்லை.

இங்ஙனம் செய்த சங்கம் ஒன்று உண்டா என்று கேட்கலாம். உண்டு; நம் எல்லோருக்கும் மூத்த சங்கமே அது. 1844-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் இராச்டேல் நகரத்துத் தொழிலாளர் 28 பேர், அவர்களுள் நெசவாளரும் பலர், 28 பவுன் மூலதனத்தோடு டோடு லேன் என்னும் தெருவில் கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, மாவு, மெழுகுவத்தி இவையே அன்றைய சரக்கு. சங்கம் பெருகி வேறிடம் சென்றது. அச்சிறு கட்டடம் வேறு கைகளுக்கு மாறியது. பின்னர் கூட்டுறவாளர் அதைத் திரும்பப் பெற்று, 1931-இல் அரும்பொருட்கூடமாக்கினர். நெடுங்காலம் தம் கைப்பொருளாலேயே நடத்தினர். அந்நாட்டில் 1994 முதல் லாட்டரி வருமானத்தின் ஒரு பகுதி பழமைப் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்டு வருகிறது. அந்நிதியின் உதவியோடு கட்டடம் செப்பனிடப்பட்டு 2012-இல் மீண்டும் திறக்கப்பட்டது. கூட்டுறவுத் தந்தையர் இராபர்ட் ஓவன், ஹோலியோக் ஆகியோரின் கடிதங்கள் மான்செஸ்டரிலுள்ள கூட்டுறவு ஆவணக் காப்பகத்தில் பாதுகாப்பாக உள்ளன. கவனிக்க வேண்டியது யாதெனில், சர்க்கார் வழிப் பணம் வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே அங்கத்தினர் கட்டடத்தை மீட்டு, பொருள்களைத் தொகுத்து, காவல் செய்து வைத்திருந்தார்கள்.

சேந்தமங்கலத்தில் இதை எங்கிருந்து தொடங்குவது? அடுத்த பொதுப் பேரவைக்கு ஒரு பொருளாக இதை வைக்கலாம். நிர்வாகக் குழுவில் ஒருவர், நெசவாளர் ஒருவர், விவசாயி ஒருவர், உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் என நால்வரைக் கேட்டுக்கொண்டு, ஒரு நீள நோட்டுப் புத்தகத்தில் ஊரின் பழம்பொருள்களை எழுதச் சொல்லலாம். பொருள் என்ன, எங்கிருக்கிறது, சர்வே எண் யாது, யாருடையது, எக்காலத்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், இன்று என்ன நிலையில் உள்ளது, புகைப்படம் ஒன்று: இவ்வளவே. எழுத்துள்ள கல் எதுவானாலும் முழுவதும் படமெடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு ஒரு படி அனுப்பலாம். நாமக்கல் 1997-இல்தான் தனி மாவட்டமாயிற்று. ஆகையால் பழைய நிலப் பதிவுகளைத் தேடுவோர் சேலத்துக்கும் ஒரு நடை போக நேரும். புத்தகத்துக்கும் படத்துக்கும் ஆகும் சில ஆயிரம் ரூபாயைத் துணைவிதி இடந்தரும் அளவில் பொதுநல நிதியிலிருந்து எடுக்கலாம். இல்லையேல் அங்கத்தினர் தலைக்கு ஒரு தேநீர்க் காசு போதும்.

சங்கத்தின் சொந்த அலமாரியிலிருந்து தொடங்குவதே எளிது. சாவி செயலாளரிடம் இருக்கிறது. ஐப்பசி மழை இறங்குவதற்குள் திறந்து, கரையான் பார்த்து, பேரேடுகளை ஆண்டு வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, இருப்புப் பதிவேட்டில் நாற்காலிக்கு அடுத்த வரியில் ஏற்றிவிட்டால், வரும் தணிக்கையில் அதையும் கேட்டே தீருவார்கள்.